வந்ததா, இருந்ததா?

2020 மே மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்தன. ராஜஸ்தானைத் தாண்டி மகாராஷ்டிரம் வரை வந்திருந்த பாலைவன வெட்டுக்கிளி இங்கேயும் நுழைந்துவிட்டது என்று ஊர் பதறியது. வேளாண் துறையினர் போய்ப் பார்த்தால், அது எருக்கு வெட்டுக்கிளி. மஞ்சள் உடம்பில் நீலப்பச்சைப் பட்டைகள். சீண்டினால் அதன் குஞ்சு முதுகிலிருந்து திரவத்தைப் பீய்ச்சும். எருக்கு இருக்கும் இடத்தில் அதுவும் இருப்பதில் அதிசயமில்லை. புதிதாக வந்தது மனிதரின் கவனம்தான். ஆகவே, ‘இதுவரை அறியப்படாத இடத்தில் ஓர் இனம்’ என்று செய்தி வந்தால், அங்கே இப்போதுதான் ஒருவர் குனிந்து பார்த்திருக்கிறார் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். பூச்சி ஆர்வலர்கள் நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போவார்கள். எடப்பாடிப் புறம்போக்கில் யார் வலை வீசுவார்கள்? சமவெளியில் பயிரைத் தின்றால்தான் பூச்சிக்கு மதிப்பு.

அப்படியானால் பூச்சிகள் இடம் பெயர்வதே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1988 அக்டோபரில் பாலைவன வெட்டுக்கிளிகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளில் இறங்கின. ஆனால் எல்லா இனத்துக்கும் அந்த இறக்கை இல்லை. 1910இல் பொலிவர் பெயரிட்ட தக்காண வெட்டுக்கிளிக்கு இறக்கையே கிடையாது. மைசூர் வேளாண் அறிஞர் கோல்மனின் பெயரைத் தாங்கிய அது, சோளத்தைத் தின்பது. அது நாளை கொங்கணாபுரம் பக்கம் ஒரு சோளக்காட்டில் அகப்பட்டால், பறந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சோளத்தட்டு ஏற்றிய லாரியில் வந்திருக்கலாமே? ஒன்றிரண்டு பூச்சி வரலாம். ஆனால் அது முட்டையிடுவது மண்ணுக்குள். தட்டோடு முட்டை வராது. ஆகவே காட்டில் பல பருவத்துக் குஞ்சுகளும் இருந்து, ஆண்டுதோறும் தென்பட்டால், அது அங்கேயே பிறந்து வளர்ந்த கூட்டம். இறந்த ஒற்றைப் பூச்சியின் படம் இதில் எதையும் சொல்லாது. தேதி, செடி, குஞ்சு உண்டா இல்லையா என்பவைதான் சாட்சி.

எடப்பாடி, கொங்கணாபுரம் வட்டாரத்தில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. மேட்டூர் உபரிநீரை 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தின் முதல் கட்டம் 2021இல் தொடங்கியது. நீர் நின்றால் கரைப்புல் மாறும். புல் மாறினால் அதைத் தின்பவையும் மாறலாம். இங்கே உண்மையான வரவு நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு, என் வாதத்துக்கு அது எதிர்ச்சாட்சியாகக்கூட அமையலாம். அந்த வரவை நிரூபிக்கத் தேவைப்படுவது, ஒப்பிட்டுப் பார்க்க, தண்ணீர் இன்னும் வராத பக்கத்து ஏரி ஒன்றில் இந்தப் பருவத்திலேயே எடுத்த பூச்சிப் பட்டியல்.