ஜீப் திரும்பிய பிறகு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்திய வம்சாவளிக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்போர் ஆகியோரின் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். சம்பளத்துக்கு ஏற்ப 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அந்தப் பணம் 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போய், துணைப்பாட வகுப்பாகவும் வழிகாட்டலாகவும் பிள்ளைகளைச் சேர்கிறது. தேனிப் பக்கமிருந்து அங்கே குடியேறியவருக்குச் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

தேனி மாவட்டத்துக் கம்பத்திலும் கூடலூரிலும் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கித் தோட்டங்களுக்கு மலையேறுவார்கள், போடிக்காரர்களுக்குப் போடிமெட்டு. திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் ஆள் இருக்காது.

இந்த நேரத்தை நன்றாகப் புரிந்துகொண்ட திட்டம், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. அதே தெருவில் உள்ள படித்தவர்களே தன்னார்வலர்களாக வந்து, மாலையில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் கேள்விகள் கடினமாகின்றன. பதினொன்றில் எந்தப் பிரிவு? உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது? கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது? 2022இல் வந்த ‘நான் முதல்வன்’ இவற்றுக்கான தகவலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடமும் அதைப் பேசிப் புரியவைக்க, தெரிந்த அக்காவோ அண்ணனோ வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறார்கள். 1956இல் தொடங்கப்பட்ட உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது. சிண்டாவைப் போல இங்கும் ஓர் ஏற்பாடு செய்யலாம்: வெளிநாட்டில் இருப்பவர்கள் மாதாமாதம் பணம் அனுப்பட்டும், தங்கள் துறை பற்றிக் காணொளியில் பேசட்டும். பிள்ளையுடன் நேரில் இருப்பவர் உள்ளூர்க்காரராகவே இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகள். பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்திப்பு பள்ளி வளாகத்தில், நாலுபேர் பார்க்கும் இடத்தில், தோட்டத்து ஜீப் திரும்பிய பிறகு நடக்கட்டும். அப்போதுதான் அம்மாவும் வரமுடியும். சேர்ந்த பிள்ளை கல்லூரியில் முதலாண்டு முடிக்கும்வரை அதே வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும்.