எந்த பாஸ்போர்ட்? எந்த ஊர்? எந்தத் தெரு?

"டாக்டர், அடுத்த மாசம் யூகே கிளம்புறேன். அங்க ரேசிசம் ரொம்ப அதிகமாமே, உண்மையா?"

மாசத்துக்கு ரெண்டு பேராவது இன்பாக்ஸ்ல இதைக் கேக்கறாங்க. பெரும்பாலும் பிளாப் பாஸ் பண்ணின தம்பி, தங்கைகள். தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது. அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன். நீளமா போகும். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் மூணு இடத்துல வேலை பாத்திருக்கேன். வளைகுடாவுல ரெண்டு வருஷம், இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஆறு வருஷம், மீதி எல்லாம் தமிழ்நாடு. மூணு இடத்திலும் மனுஷனை அளந்துதான் பார்க்கறாங்க. அளக்கற கோல் மட்டும் ஊருக்கு ஊர் மாறுது.

வளைகுடாவுல அந்தக் கோல் பாஸ்போர்ட். நான் இருந்த ஆஸ்பத்திரியில ஒரே வார்டு, ஒரே டியூட்டி, ஒரே அனுபவம் உள்ள மூணு நர்ஸ். ஒருத்தர் கேரளா, ஒருத்தர் பிலிப்பைன்ஸ், ஒருத்தர் அயர்லாந்து. மூணு பேருக்கும் மூணு சம்பளம். யாரும் இதை மறைக்கக்கூட இல்ல. நம்மூர் டாக்டர் ஒருத்தர் சில வருஷம் கழிச்சு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோட அங்கயே திரும்பி வந்தார். அதே கை, அதே மூளை, சம்பளம் மட்டும் வேற லெவல்.

டாக்டர்களான நாங்க புலம்பறது சும்மா. நிஜமான அடி கட்டட வேலைக்கு வந்தவங்களுக்கு. ஸ்பான்சர் கையில விசா இருக்கும் கபாலா முறையில, வேலை போனா அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். எக்ஸ்ரேயில பழைய டிபி தழும்பு தெரிஞ்சாலே விசா மெடிக்கல்ல அன்ஃபிட் ஆக வாய்ப்பு உண்டு. அதனால நெஞ்சுவலியோட வந்தவர்கூட முதல்ல கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பார்: "சார், அன்ஃபிட்னு எழுதிடாதீங்க. ஊர்ல கடன் இருக்கு." கூட வந்து அவரை "டேய், சீக்கிரம் சொல்லுடா"ன்னு அதட்டின ஃபோர்மேன் அரபிக்காரர் இல்ல. நம்ம மாவட்டத்துக்காரர்தான்.

இங்கிலாந்துக்கு வருவோம். நிறம் பார்க்கறது இருக்கு, இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. "இங்கிலீஷ் டாக்டர் யாராவது இருக்காங்களா?"ன்னு ஒரு பெரியவர் என்கிட்டயே கேட்டார். என்னோட கன்சல்டன்ட் வெள்ளைக்காரர். வந்தார், "இன்னைக்கு உங்களுக்கு இவர்தான் டாக்டர்"னு ஒரே வரி சொன்னார், அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். பெரியவர் கையை நீட்டினார், நான் பிபி பார்த்தேன். அவ்வளவுதான். ஊழியர்களை இப்படி இழிவுபடுத்தும் நோயாளிக்கு, உயிருக்கு ஆபத்தில்லாத பட்சத்தில், சிகிச்சை மறுக்கலாம்னு 2020 ஏப்ரல்ல இருந்து என்ஹெச்எஸ்ல விதியே இருக்கு. கிளம்பற தம்பிகள் இதைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஏதாவது நடந்தா தேதி, நேரம், யார் பக்கத்துல இருந்தாங்க எல்லாம் அன்னைக்கே எழுதி வைங்க.

ஆனா என்னை அங்க அசர வெச்சது வேற. வெள்ளைக்காரங்களே வெள்ளைக்காரங்களை நடத்தற விதம். பழைய சுரங்க ஊர்க்காரர் வாயைத் திறந்தா போதும், உச்சரிப்பை வெச்சே அப்பா என்ன வேலை பார்த்திருப்பார்னு கணக்குப் போட்டுடுவாங்க. 'சாவ்'னு ஒரு வார்த்தை இருக்கு, ஏழை வெள்ளைக்காரனைக் கேலி பண்ண. கறுப்பினத்தவரைப் பத்தித் தப்பா ஒரு சொல் சொன்னா வேலை போயிடும்னு பயந்து பேசற அதே டீ ரூம்ல, இந்த வார்த்தை சிரிப்போட வரும். என்கூட இருந்த ஒரு நர்ஸ், இன்டர்வியூக்கு முன்னாடி கண்ணாடி பார்த்து 'லண்டன் இங்கிலீஷ்' பழகுவாங்க. அவங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அந்த மண்ணுதான்.

இது வெறும் மனவருத்தத்தோட நிக்கறதில்ல. ஒயிட்ஹால் ஆய்வுன்னு ஒண்ணு, 1967-ல ஆரம்பிச்சது. லண்டன்ல வேலை பார்த்த அரசு ஊழியர்கள், எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைவிட சுமார் மூணு மடங்கு. சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் வித்தியாசம் முழுசா மறையல. பிரசவத்திலும் இதே கதை. 2018-20 காலத்துக்கான பிரிட்டிஷ் தாய்மார் இறப்பு அறிக்கையில, வெள்ளையினப் பெண்களைவிட கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் 3.7 மடங்கு, ஆசியப் பெண்களுக்கு 1.8 மடங்கு. ஏழ்மையான பகுதிகளில் இருப்பவர்களுக்கு, வசதியான பகுதிகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நாட்டுல எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். தன் அசிங்கத்தைத் தானே எண்ணி, அச்சடிச்சு வெளியிடறாங்க.

அமெரிக்காவுல நான் வேலை பார்த்ததில்ல. ஆனா உங்க வீட்டு அலமாரியில இருக்கற ஒரு பொருளைப் பத்திச் சொல்லணும். கொரோனா நேரத்துல விரல்ல மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர். அது விரலுக்குள்ள வெளிச்சம் பாய்ச்சி ஆக்சிஜனைக் கணக்கிடுது. தோலின் கருமை அந்தக் கணக்கைக் குழப்பலாம். 2020 டிசம்பர்ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு: மெஷின் 92-96னு காட்டும்போது ரத்தத்தை எடுத்து நேரடியா சோதிச்சா, கறுப்பின நோயாளிகளில் 11.7% பேருக்கு உண்மையான அளவு 88-க்கும் கீழே. வெள்ளையினத்தவரில் இது 3.6% தான். மெஷினுக்கு யார்மேலயும் வெறுப்பு கிடையாது. யார் விரலை வெச்சு அதைச் சரிபார்த்தாங்க என்பதுதான் கேள்வி. நம்ம விரல் என்ன நிறம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதே நாட்டுல செஞ்சிலுவைச் சங்கம் 1950 வரைக்கும் கறுப்பினத்தவர் ரத்தத்தைத் தனியா லேபிள் ஒட்டி வெச்சிருந்தது. தெற்குப் பகுதி ஆஸ்பத்திரிகளில் தனித்தனி வார்டு. அது எப்ப உடைஞ்சது தெரியுமா? 1966-ல மெடிகேர் வந்தப்ப, வார்டைப் பிரிச்சு வெச்சா அரசுப் பணம் கிடையாதுன்னாங்க. பல வருஷமா முடியாதுன்னவங்க சில மாசத்துல சுவரை எடுத்தாங்க.

சரி, நம்ம ஊர். "ஜாதியும் இனவெறியும் வேற வேற, ஒப்பிடாதீங்க"ன்னு சிலர் வருவீங்க. வேறதான். ஆனா நோயாளிக்கு வலிக்கற இடம் ஒண்ணு.

இங்க யாரும் நேரடியா ஜாதி கேக்க மாட்டாங்க. "எந்த ஊர்?" அப்புறம், "ஊருக்குள்ளயா, காலனியா?" பாம்புக்கடி கேஸ்ல எனக்கும் ஊர் தெரியணும், எத்தனை மணிக்குக் கடிச்சது, வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கணக்குப் போட. தெரு தெரிஞ்சு எந்த விஷமும் முறியாது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும்னு 2025 ஏப்ரல்ல முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவிச்சார். காகிதத்துல இருந்து போயிடும். வாயில இருந்து போக நாளாகும். 2011-12-ல நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வுல, வீட்டில் தீண்டாமை பார்க்கறோம்னு தாங்களே ஒத்துக்கிட்ட குடும்பங்கள் 27%. ஒத்துக்காதவங்க கணக்கு தனி.

அப்புறம் நம்ம மொழி. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ'. அவமானப்படுத்த அவங்க வேற வழி தேடணும். நமக்கு அந்தக் கஷ்டமே இல்ல, வினைமுற்றிலயே வெச்சிருக்கோம். அறுபது வயசு விவசாயக் கூலியை இருபத்தி மூணு வயசு டாக்டர் "எத்தனை நாளா இருக்கு உனக்கு? மாத்திரை சாப்பிட்டியா?"ன்னு கேப்பார். அதே டாக்டர் சாயங்காலம் கிளினிக்ல, கழுத்துல ஐடி கார்டு மாட்டின இருபத்தஞ்சு வயசுப் பையனை "சொல்லுங்க சார்" என்பார்.

இதுல என்ன போச்சு? சொல்றேன். சர்க்கரை நோயாளி ஒருத்தர், காலில் புண். வேற ஒரு ஆஸ்பத்திரியில முதல் தடவை போனப்ப "இந்த நாத்தத்தோட வர்றியே, குளிக்க மாட்டியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்காங்க. குளிக்காத நாத்தம் இல்ல அது, அழுகற சதையின் நாத்தம். மூணு வாரம் எங்கயும் போகல. எங்ககிட்ட வந்தப்ப பாதத்தில் பாதி கறுத்துப் போயிருந்தது. முழங்காலுக்குக் கீழ எடுத்தோம். மாத்திரையைப் பாதிப் பாதியா உடைச்சுச் சாப்பிட்ட விஷயத்தைக்கூட ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாள்தான் சொன்னார், அதுவும் டிரெஸ்ஸிங் பண்ற அண்ணன்கிட்ட. அவர்தான் முதல் நாள்ல இருந்து "ஐயா"ன்னு கூப்பிட்டவர்.

இப்ப எங்க வார்டுல வாசல்லயே சொல்லிடறது: எல்லாருக்கும் 'வாங்க, போங்க'. புதுசா வந்த ஹவுஸ் சர்ஜன் ஒருத்தர் கேட்டார், "சார், என்னைவிடச் சின்னவங்களா இருந்தா?"

"அவங்களுக்கும் 'ங்க' தான் தம்பி. ஆறு மாசக் குழந்தைக்கு வேணா 'டா' போட்டுக்கங்க. அதுவும் அவங்க அம்மா முறைக்காம இருந்தா."