டர்பைன் பிளேடும் ஒரு பீங்கான் சட்டையும்

ஜெட் எஞ்சினில் எரிஅறையைத் தாண்டியதும் வருகிற முதல் வரிசை பிளேடுகளின் பாடு ரொம்பப் பரிதாபம். சுற்றிலும் ஓடும் வாயுவின் வெப்பம் 1500 டிகிரி செல்சியஸுக்கும் மேல். பிளேடு செய்த நிக்கல் உலோகக்கலவையோ 1300 டிகிரியை ஒட்டியே உருக ஆரம்பித்துவிடும். பலம் அதற்கு வெகு முன்பே போய்விடும். இந்த லட்சணத்தில் நிமிடத்துக்கு 10,000 சுற்று போல வேறு சுற்ற வேண்டும்!

தாக்குப்பிடிப்பதற்கு இரண்டு காரணங்கள். கம்ப்ரஸரிலிருந்து எடுத்த காற்று, பிளேடுக்குள் குடைந்த வழிகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே கால் மில்லிமீட்டர் கூட இல்லாத பீங்கான் பூச்சு. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். உள்ளே குளிர்காற்று இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும் கொஞ்ச நேரத்தில் உலோகமும் அதே சூட்டுக்கு வந்துவிடும். கம்பளி போர்த்தினால் பிணத்துக்குச் சூடு வராது, அதே கதைதான்.

அந்தப் பீங்கான், ஸிர்கோனியா. சுத்தமான ஸிர்கோனியா உதவாது. சூடேறி ஆறும்போது அதன் படிக அமைப்பு மாறி, உப்பி, தானே விரிசல் விட்டுவிடும். அதனால் இட்ரியா சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. ஆரம்பத்தில் 12 சதவீதம் வரை போட்டுப் பார்த்தார்கள். நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீபன் ஸ்டெகுரா 1970களின் இறுதியில் சோதித்தபோது, எடையில் 6 முதல் 8 சதவீதம்தான் அதிக நாள் உழைக்கிறது என்று தெரிந்தது. இன்றும் பெரும்பாலும் அதே அளவுதான். எத்தனையோ புது வேதிப்பொருட்கள் வந்தும் இதை முழுசாக ஓரங்கட்ட முடியவில்லை.

சரி, பிறகு ஏன் பூச்சு உரிகிறது? குற்றவாளி பெரும்பாலும் பீங்கான் இல்லை, அதற்கு அடியில் இருப்பது. பீங்கானை உலோகத்தோடு ஒட்டவைக்க அலுமினியம் கலந்த ஓர் அடிப்பூச்சு உண்டு. ஸிர்கோனியா வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் ஆக்ஸிஜனுக்குக் கதவைத் திறந்துவிடும். (கார் எஞ்சின்களின் ஆக்ஸிஜன் சென்ஸரில் இதே பொருளைப் போடுவதும் இந்தக் குணத்துக்காகத்தான்.) உள்ளே வந்த ஆக்ஸிஜன் அலுமினியத்தோடு சேர்ந்து மெல்லிய அலுமினா படலமாகிறது. முதலில் அது நல்லதே செய்யும், மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கும். ஆனால் வளர்ந்துகொண்டே போகும். சில மைக்ரான் ஆனதும் ஆபத்து. எஞ்சினை நிறுத்தி ஆறவிடும்போது உலோகம் அதிகம் சுருங்க, அலுமினா அதில் பாதியளவே சுருங்க, இடையில் ஏறும் அழுத்தத்தில் படலம் பிய்த்துக்கொள்கிறது, மேலே இருக்கும் பீங்கானையும் கூட்டிக்கொண்டு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. சூளையில் ஆயிரம் தடவை தப்பித்த சாம்பிள், மேஜை மேல் சும்மா வைத்திருக்கும்போது உரிந்து விழும். காரணம் காற்றின் ஈரம். நாசாவின் ஜேம்ஸ் ஸ்மியாலெக் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

விமான பிளேடுகளில் பீங்கானை எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். அது ஒரே தகடாக இல்லாமல், துடைப்பத்து ஈர்க்குச்சிகளை நெருக்கி நட்டதுபோல் தனித்தனித் தூண்களாக வளரும். உலோகம் விரியும்போது தூண்கள் விலகிக் கொடுக்கும். நல்ல யோசனைதான், மணலும் எரிமலைச் சாம்பலும் வரும்வரை. இவை 1200 டிகிரிக்கு மேல் உருகி, கண்ணாடிக் குழம்பாகி, தூண்களுக்கு நடுவில் இறங்கி உறைந்துவிடும். அப்புறம் எங்கே விலகுவது? 1982இல் ஜாவா அருகே கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போவின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோனது தெரிந்த கதை. அவ்வளவு சாம்பல் வேண்டியதில்லை, பாலைவன விமான நிலையத் தூசியே பூச்சின் ஆயுளைத் தின்ன போதும்.

இதற்கு மருந்தாக வந்தது கடோலினியம் ஸிர்கனேட். குழம்பு பட்டதும் அதனோடு வினைபுரிந்து, சட்டென்று படிகமாகி, வழியையே அடைத்துவிடும். வெப்பத்தையும் ஸிர்கோனியாவைவிடக் குறைவாகவே கடத்தும். ஆனால் எளிதில் நொறுங்கும், கீழே உள்ள அலுமினாவோடும் ஒத்துப்போகாது. ஆகவே அடியில் பழைய ஸிர்கோனியா, மேலே இது என்று இரண்டடுக்காகப் போடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, பூச்சு என்றைக்கு உரியும் என்று துல்லியமாகக் கணிக்க முடிவதில்லை. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் அதை முழுக்க நம்பி வெப்பத்தைக் கடைசி டிகிரி வரை ஏற்றத் தயங்குகிறார்கள். அங்கங்கே பூச்சு போனாலும் பிளேடு கொஞ்ச காலம் தாங்கட்டும் என்று இடம் விட்டே வைக்கிறார்கள். மிச்சத்தை, எஞ்சினுக்குள் குட்டிக் கேமராவை விட்டுப் பார்க்கும் மெக்கானிக்கின் கண் பார்த்துக்கொள்கிறது.