அறையும் சேர்ந்ததுதான் சர்வர்

வீட்டில் சின்னதாக ஒரு சர்வர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மாடல் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எங்கே வைக்கப் போறீங்க?" பேச்சை மாற்றுகிறேன் என்று பலர் நினைப்பார்கள். அவர்கள் ப்ராசஸர், ரேம், விலை என்று பட்டியலோடு வந்திருப்பார்கள். நானோ டிவி ஸ்டாண்டுக்குக் கதவு உண்டா, அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருப்பேன். ஃபேன் வைத்த கம்ப்யூட்டருக்கு இவ்வளவு விசாரணை தேவையில்லை. நான் பரிந்துரைப்பது பெரும்பாலும் ஃபேன் இல்லாத பெட்டி; அதன் சூட்டை இறக்கிவைக்க அதைச் சுற்றியுள்ள காற்றைத் தவிர வேறு ஆள் கிடையாது. காசு கொடுப்பது பெட்டிக்கு. வேலை பார்ப்பது பெட்டியும் அறையும் சேர்ந்து.

மதுரையில் நெட்வொர்க் வேலையும் கம்ப்யூட்டர் சர்வீஸும் பார்க்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்களின் தேவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். குடும்பத்தார் போன்களில் வழிந்து கிடக்கும் படங்களைச் சேர்த்துவைக்க இம்மிச், சினிமா பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல், ஆபீஸ் ஃபைல்களுக்கு ஒரு பொது ஃபோல்டர். இவற்றில் எதுவும் நாள் முழுக்க ப்ராசஸரைப் பிழிகிற வேலை இல்லை. வீட்டு சர்வர் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கிறது. ஆகவே நான் முதலில் பார்ப்பது, சும்மா இருக்கும்போது அது எத்தனை வாட் இழுக்கிறது என்பதைத்தான்.

கணக்கு எளிது. ஒரு வாட் கருவி இடைவிடாமல் ஓடினால் 60 நாளில் 1.44 யூனிட். எட்டு வாட்டில் நிற்கும் மினி பிசி இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ பதினொன்றரை யூனிட்டோடு அடங்கிவிடும். "வீட்டில் பழைய டெஸ்க்டாப் சும்மாதானே கிடக்கிறது, அதையே சர்வராக்கிவிடலாமே" என்பார்கள். அது சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுத்தால் 72 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கை அந்தப் பழைய பெட்டி ஒன்றே தின்றுவிடும். இலவசமாக வந்த டெஸ்க்டாப் கரண்ட் பில்லில் விலை கேட்கும்.

இழுக்கிற வாட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. எட்டு வாட் இழுத்தால் எட்டு வாட் சூடு. அது ப்ராசஸரிலிருந்து அலுமினிய உடலுக்கும், உடலிலிருந்து காற்றுக்கும் போக வேண்டும். பெட்டியின் மேல்பரப்பு அறையைவிட 25 டிகிரி உயர்ந்து நிலைகொள்கிறது என்று வையுங்கள். ஏசி அறையில் 26 டிகிரி என்றால் பெட்டி 51. கத்திரி வெயிலில் மாடி அறை 39 டிகிரியில் கிடந்தால் அதே பெட்டி 64. மேலே கையை வைத்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். உள்ளே இருக்கும் சிப்புகள் அதற்கும் மேலே. குளிர்நாட்டில் எடுத்த விமர்சன வீடியோவில் பார்த்த எண்ணை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம். அதிலும் மாடி அறையில் பகலைவிடச் சாயங்காலத்தைக் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை அதை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்.

விமர்சனங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து நிமிஷம் லோடு கொடுத்து, "சூடே ஏறவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். கனத்த அலுமினிய உடம்பு சூடேறவே நேரம் பிடிக்கும். நான் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓடவிடுவேன். வெப்பநிலை ஏறிப்போய் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால் பெட்டி தேறியது. ஒரு மணி நேரம் கழித்தும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தால், அந்த இடமோ பெட்டியோ சரியில்லை. வீட்டு சர்வருக்கு இப்படி ஒரு சோதனை நிஜத்திலேயே வரும். இம்மிச்சில் பல வருஷத்துப் படங்களை முதல்முறை ஏற்றும்போது ஒவ்வொரு படத்திலும் முகம் தேடும் வேலை மணிக்கணக்கில், சில வீடுகளில் நாள்கணக்கில் ஓடும். அதைத் தாண்டிவிட்ட பெட்டிக்குப் பிறகு வருவதெல்லாம் சில்லறை வேலை.

சந்தையில் அதிகம் அடிபடும் பெயர்களில் ஒன்று இன்டெல் என்100. 2023 தொடக்கத்தில் வந்தது. நான்கு கோர், டர்போவில் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை. இன்டெல் இதற்குக் குறிப்பிட்டிருக்கும் டிடிபி (வெளியேற்ற வேண்டிய சூட்டின் அளவு) ஆறே வாட். ஆனால் பெட்டி செய்கிறவர்கள் பயாஸில் நீண்டநேர மின்வரம்பை 15 வாட், அதற்கும் மேல் என்று ஏற்றிவைத்து விற்பதைப் பார்க்கிறேன். அப்போதுதான் வேகச் சோதனையில் எண் அழகாகத் தெரியும். ஃபேன் உள்ள மாடலில் இது சரி. ஃபேன் இல்லாததில் நான் முதல் வேலையாக பயாஸுக்குள் போய் பிஎல்1 என்ற இந்த வரம்பை எட்டு அல்லது பத்து வாட்டுக்கு இறக்கிவிடுவேன். படம் ஏற்றும் வேலை கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஜெல்லிஃபினில் வீடியோ மாற்றும் வேலைக்கு இந்தச் சிப்பில் தனிப் பகுதியே இருப்பதால் அங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இந்த வரம்பை மாற்ற பயாஸில் இடமே தராத பெட்டியை நான் ஃபேன் இல்லாத வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை.

வரம்பை இறக்கியும் சூடு அடங்காவிட்டால் திறந்து பார்த்துவிடுவது நல்லது. நான்கு ஸ்க்ரூ கழற்றி அடிமூடியை எடுத்து, போர்டையும் வெளியே எடுத்தால், ப்ராசஸரின் மீது ஒரு அலுமினியக் கட்டி இருக்கும்; அது மேல்மூடியைத் தொடும் இடத்தில் பேஸ்ட்டோ பேடோ இருக்கும். அந்தப் பேஸ்ட்டின் தடத்தைப் பாருங்கள். கட்டியின் முழுப்பரப்பிலும் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் உலோகம் உலோகத்தோடு சரியாக ஒட்டியிருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் நசுங்கி, மறுமூலையில் வைத்தது வைத்தபடியே மேடாக இருந்தால் கட்டி சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருப்பது காற்று. காற்று சூட்டை எளிதில் கடத்தாது. வெளியே எத்தனை வரிவரியான துடுப்பு இருந்தாலும் அங்கே சூடு போய்ச் சேராது. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக மெல்லியதாகத் தடவி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் பத்து டிகிரி வரை இறங்கிய பெட்டிகள் உண்டு. வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழிப்பதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நான் மதிக்கும் வடிவமைப்பு, சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்ஜின்ஸ் நிறுவனம் செய்துவந்த ஏபியு2 போர்டு. ப்ராசஸரைப் போர்டின் அடிப்பக்கம் வைத்து, ஓர் அலுமினியத் தகடு வழியாகச் சூட்டை நேரே பெட்டியின் அடித்தளத்துக்குக் கடத்துவார்கள். துடுப்பும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஃபயர்வால் வேலைக்கு உலகம் முழுக்க வாங்கினார்கள். அந்த நிறுவனம் 2023இல் இந்த வரிசையை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பாடம் அப்படியே நிற்கிறது: சூடு போகும் வழி குட்டையாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும்.

குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு நான் சொல்வது தின் கிளையன்ட், அதாவது ஆபீஸ்களில் மையச் சர்வரோடு இணைத்து வேலை பார்க்கும் சின்னக் கம்ப்யூட்டர். கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிடும் இந்தப் பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். டெல் வைஸ் 5070 ஒரு நல்ல உதாரணம். செலரான் ஜே4105 அல்லது பென்டியம் ஜே5005 போட்டு, ஃபேன் இல்லாமலே ஓடும்படி ஒரு பெரிய நிறுவனம் நிதானமாக வடிவமைத்தது. மெல்லிய மினி பிசியைவிட உள்ளே இடம் அதிகம், ஹீட் சிங்க் பெரிது. அதன் எம்.2 ஸ்லாட் சாட்டா எஸ்எஸ்டியை மட்டும் ஏற்கும். என்விஎம்இ வாங்கிப்போய்ச் செருகி ஏமாறாதீர்கள். அடாப்டர் இல்லாமல் தனிப் பெட்டியாக விற்பதும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ராஸ்பெர்ரி பை பற்றியும் கேட்பார்கள். பை-ஹோலுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும். பை 5 வந்தபின் வேகமும் கூடியது, சூடும் கூடியது. அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் தனி அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரைச் செருகினால் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நிற்கும். அப்போது அது யுஎஸ்பி துளைகளுக்கான மின்சாரத்தை 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துவிடும். வெளியே மாட்டிய ஹார்ட் டிஸ்க் தடுமாறும். அடாப்டர், உலோகக் கேஸ், எஸ்எஸ்டிக்கான துணை போர்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் விலை என்100 பெட்டியை நெருங்கிவிடுகிறது. மெமரி கார்டில் சர்வர் ஓட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். ஓயாமல் எழுதும் வேலைக்குச் செய்யப்பட்டதல்ல அது.

எஸ்எஸ்டிக்கும் சூடு பிடிக்காது. சாதாரண எஸ்எஸ்டிகளின் உச்சவரம்பு பொதுவாக 70 டிகிரி. ப்ராசஸர் நூறைத் தொட்டாலும் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடும்; அதே பெட்டியின் அடியில் காற்றில்லாமல் படுத்திருக்கும் எஸ்எஸ்டிதான் பாவம். அதற்கும் அடிமூடிக்கும் நடுவே ஒரு தெர்மல் பேடு வைத்துவிட்டால் நிலைமை மாறும். அதிவேக ஜென் 4 (நான்காம் தலைமுறை பிசிஐஇ) எஸ்எஸ்டி இங்கே வீண்செலவு. என்100 சிப்பே மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வரைதான் பேசும். வேகம் குறைந்த, சூடு குறைந்த எஸ்எஸ்டியைத் தேடி வாங்குங்கள்.

நம் ஊரில் ஃபேன் இல்லாத பெட்டிக்கு உள்ள பெரிய நியாயம் தூசி. ஜன்னலைத் திறந்துவைத்து வாழ்கிற வீட்டில் சின்ன ஃபேன் ஒவ்வொரு நாளும் தெருப்புழுதியை உள்ளே இழுக்கும். ஒரு வருஷத்தில் துடுப்புகளின் இடையே கம்பளிபோல அடைத்துக்கொள்ளும். பேரிங் தேய்ந்து கரகரவென்று சத்தம் வரும். ஒரு நாள் நின்றுவிடும். மூடிய அலுமினியப் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் பக்கவாட்டில் துளை உள்ள மாடல்களைக் கவனியுங்கள். வெதுவெதுப்பான இடம் தேடிப் பல்லியும் எறும்பும் வரும். போர்டின் குறுக்கே செத்துக்கிடந்த பல்லியால் உயிரைவிட்ட கருவிகள் சர்வீஸ் மேஜைக்கு நிறையவே வருகின்றன. மெல்லிய வலைத்துணி ஒட்டினால் போதும்.

அடுத்தது கரண்ட். இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் அடாப்டரின் வோல்ட். மினி பிசிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுகின்றன. தின் கிளையன்ட்கள் பெரும்பாலும் 19 வோல்ட் கேட்கும். 12 வோல்ட் பெட்டி என்றால், வைஃபை ரவுட்டருக்கு விற்கும் மினி யுபிஎஸ்ஸிலேயே ஆம்பியர் போதுமானதாகப் பார்த்து வாங்கி ஓட்டலாம். வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் சர்வர் அணைந்து எழும் தொல்லை போகும். அடாப்டர் பின்னின் அளவு 2.1 மில்லிமீட்டரா 2.5 மில்லிமீட்டரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி பயாஸில் இருக்கிறதா என்று வாங்கும்முன் கேளுங்கள். அது இல்லாத பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போனால், கரண்ட் போய் வந்த பிறகு யாராவது போய்ப் பட்டனை அழுத்தும்வரை அது செத்ததுபோலத்தான்.

ஃபேன் இல்லாத பெட்டியே எல்லாருக்கும் சரி என்று நான் சொல்வதில்லை. மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் நான்கு மாட்ட வேண்டியவருக்கு அதில் அர்த்தமில்லை. டிஸ்க்குகளே சத்தம் போடும். அவற்றின் சூட்டுக்குக் காற்றும் வேண்டும். மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் ஒன்று வைத்த பெட்டி அவருக்குப் பொருத்தம். ஸ்டுடியோக்காரர்கள் நாள் முழுக்க வீடியோ மாற்றுவார்களானால் அவர்களுக்கும் அதேதான். ஃபேன் இல்லாத பெட்டியை எடுத்துவிட்டுப் பிறகு அதன்மேல் ஒரு யுஎஸ்பி ஃபேனை ஒட்டவைப்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டிலும் உள்ள குறைகளைச் சேர்த்து வாங்கிய கதைதான் அது.

ஆகவே வாங்கும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்: தரைத்தளம் அல்லது நடுமாடி, திறந்த அலமாரி அல்லது சுவர், துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி, ரவுட்டரின் தலைமேல் ஏற்றாமல். அடுத்து அந்த இடத்தில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 35க்குள் இருந்தால் என்100 பெட்டியோ தின் கிளையன்டோ தாராளமாக வாங்கலாம். அதற்கு மேல் என்றால் வரம்பை இன்னும் இறக்கி ஓட்டத் தயாராக இருங்கள். 40ஐத் தொடும் அறை என்றால் சர்வரை வேறு அறைக்கு மாற்றுங்கள். அதற்குச் செலவாவது சில மீட்டர் நெட்வொர்க் கேபிள்தான். எந்தப் பெட்டியை எடுத்தாலும் படங்களின் இன்னொரு பிரதி வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஃபேன் இல்லை என்பதால் எஸ்எஸ்டி சாகாமல் இருக்கப் போவதில்லை.