போதும் என்று சொல்லும் பெட்டி

கையைத் தளர்த்தினால் வண்டி தானே நிற்கும் என்று ஆறு மாதமாக நம்பியிருந்தேன். மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது. முறுக்கிய கைப்பிடியை விட்டால் போதும். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் வேகம் அடங்கும். பிரேக் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

ஒரு நாள் காலை, இரவெல்லாம் சார்ஜ் ஏறிய வண்டியில் கிளம்பினேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் புத்தகப் பையோடு ஒரு பையன் குறுக்கே வந்தான். வழக்கம்போல் கையை விட்டேன். வேகம் அடங்கவில்லை. பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் முன்சக்கரம் அவன் பையை உரசிவிட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வெகு நேரம் கை நடுங்கியது.

பழியை வண்டிமேல் போட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன்.

"வண்டியில கோளாறே இல்ல சார். பாட்டரி ரொம்பியிருந்திருக்கும்" என்றான் அந்தப் பிள்ளை.

"அது நிரம்பினால் எனக்கென்ன தம்பி?"

அவன் மூடியைக் கழற்றி, டிபன் பெட்டி அளவில் ஒரு பெட்டியைக் காட்டினான். அதுதான் கண்ட்ரோலர்.

மோட்டார் சுழலும்போது, வருகிற மின்சாரத்தை எதிர்த்து அதுவே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நின்ற நிலையில் அந்த எதிர்ப்பு இல்லை. 60 வோல்ட் பாட்டரி. சுருளின் தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 1,200 ஆம்பியர் பாய வேண்டும். கண்ட்ரோலர் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, 'இவ்வளவு போதும்' என்று அளந்து விடுகிறது. வேகம் போதாதென்று அந்த அளவை உயர்த்தச் சொல்லி வரும் வாலிபர்கள் உண்டாம். மின்னோட்டம் இரு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்காகும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிகிறது.

இதே வேலையைச் சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகளில் மனிதனின் கை செய்தது. ஓட்டுபவர் பிடியைப் படிப்படியாகத் திருப்பி, தடைச் சுருள்களை ஒவ்வொன்றாக விலக்குவார். அவசரப்பட்டால் வண்டி குலுங்கும். என் தகப்பனார் அந்தக் குலுக்கலைச் சொல்லிச் சிரித்ததுண்டு.

நிறுத்தும்போது கதை திரும்புகிறது. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்சாரம் தருகிறது. அதைத் தருகிற சிரமமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அம்பத்தூர் வழியாக ஓடும் மின்சார ரயில்களில் மும்முனை மோட்டார் வைத்த புதிய வகைகள், அந்த மின்சாரத்தை மேலே போகும் கம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வேறொரு ரயில் அதை வாங்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டருக்கு அப்படி ஊரும் உறவும் கிடையாது. தன் பாட்டரி ஒன்றுதான் கதி. அது நிரம்பியிருந்தால் கண்ட்ரோலர் அங்கேயும் 'போதும்' என்கிறது. வாங்குவாரில்லாதபோது அந்தப் பிடிப்பும் இல்லை.

"அதுக்காகத்தான் சார் பிரேக்கு வச்சிருக்கான். புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்றான் பிள்ளை.

புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் நான். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் அதே முனையில் அதே பையன் நின்றான். தூரத்திலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்தி, "போப்பா" என்றேன். அவன் போகவில்லை. நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம்தான் கடந்தான்.