மதிலுக்கு வலியில்லை

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் இடிந்த மதில்களைக் கண்டு, "எப்படி இருந்த கோட்டை!" என இரங்குவர். டிமென்ஷியா என்னும் மறதிநோய் கண்ட முதியோரையும் ஊரார் அவ்வாறே பேசிவிட்டு அகல்கின்றனர். மதிலுக்கு வலியில்லை; மனிதர்க்கு உண்டன்றோ?

எம் தாய்மாமன் செஞ்சிக் கடைவீதியில் நெல் வணிகம் செய்தவர். எழுபத்தைந்து அகவை கடந்தபின், ஒருநாள் தெளிவாகக் கணக்குப் பார்ப்பார்; மறுநாள் மகனையே யாரென வினவுவார். நடை தளர்ந்து, அடிகள் குறுகின. மாலையில், ஆளற்ற திண்ணையில் சிறுவர் அமர்ந்திருப்பதாகச் சொல்லி, அவர்கட்குச் சோறிடுமாறு மாமியைப் பணிப்பார். சில இரவுகளில் அஞ்சிக் கூவினார். அதனை அடக்க மருத்துவர் ஒருவர் ஹாலோபெரிடால் ஊசி செலுத்தினார். மறுநாள் கைகால்கள் மரம்போல் விறைத்தன. நீரும் விழுங்க இயலவில்லை. நோய் முற்றியதென வீட்டார் கலங்கினர். புதுச்சேரிக்கு யாமும் உடன்சென்றோம். ஆங்கிருந்த நரம்பியல் மருத்துவர், "நோய் முற்றவில்லை; மருந்து தாக்கியுள்ளது" என்று கூறி அதனை நிறுத்தினார். சில வாரங்களில் விறைப்பு தளர்ந்தது. பழைய நடை மட்டும் திரும்பவில்லை.

இவ்வகை நோயை லூயி உடல் மறதிநோய் என்பர். மூளை அணுக்களில் திரளும் புரதப் படிவுகளை 1912-இல் விவரித்த லூயி என்னும் மருத்துவரின் பெயரால் அமைந்தது. இந்நோயர்க்கு இயக்கத்தை நெறிப்படுத்தும் டோபமின் முன்னரே குறைந்திருக்கும். மனப்பிறழ்வுக்கான மருந்துகளோ அந்த டோபமினின் செயலையே தடுப்பவை. எனவே உடல் விறைக்கிறது, உணர்வு மங்குகிறது, உயிரிழப்பும் நேரலாம். 1992-இல் இங்கிலாந்தின் மக்கீத் குழுவினர் இவ்வாபத்தை ஆய்வால் வெளிப்படுத்தினர். மறதிநோயுற்ற முதியோர்க்கு இத்தகைய புதுவகை மருந்துகள் இறப்பு வாய்ப்பைக் கூட்டுமென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது; 2008-இல் பழைய மருந்துகளையும் அவ்வெச்சரிக்கையுள் சேர்த்தது.

மருந்தெல்லாம் தீது என்பதன்று எம் கருத்து. தவிர்க்கவியலாத வேளையில், தக்க மருத்துவர் கண்காணிப்பில், சிற்றளவில் தரப்படுவதுண்டு. தாமாக நிறுத்துவதும் தகாது.

மாணவச் செல்வங்களே! வீட்டு முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர் பலவேளை நீங்களே. இல்லாத உருவங்களைக் காணுதல், நாளுக்கு நாள் மாறும் தெளிவு, தளர்ந்த குறுநடை ஆகிய மூன்றையும் மருந்து எழுதப்படுமுன் சொல்லுங்கள். திடீர்க் குழப்பத்திற்குச் சிறுநீர்த் தொற்றோ, வலியோ, மலச்சிக்கலோ காரணமாகலாம். அதனையும் ஆராயக் கேளுங்கள். தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைக்க இயலாதவர்க்கு உங்கள் சொல்லே காவல்.