சறுக்குச் சப்பாத்து

ஒட்டாவாவில் ஆய்வு மாணவனாயிருந்த முதற் குளிர்காலத்திலே, உறைந்த ரிடோ கால்வாயின் 7.8 கிலோமீற்றர் சறுக்குப்பாதை என்னையும் அழைத்தது. வாடகைக் கடையில் இருவகைச் சப்பாத்துகள். 'பிகர்' வகையின் அலகு நீண்டு குதிக்கு அப்பாலுஞ் செல்லும், முனையிற் பற்களுண்டு. ஹொக்கி வகையின் அலகோ இருமுனையும் வளைந்தது. சடுதியாகத் திரும்புவதற்கென அமைந்தது. புதியவனுக்கு முன்னையதே நிதானந் தரும் என்றார் கடைக்காரர். அது பெண்களுக்குரியதென்ற வீண் எண்ணம் என்னைத் தடுத்தது. (ஒலிம்பிக்கில் ஆண்களும் அதனையே அணிவதை அறியாதவனல்லன் நான்.) ஹொக்கியையே கட்டினேன். பின்னே சாய்ந்த கணத்தில் தாங்க அலகில்லை. மல்லாந்து வீழ்ந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரங்கள் இடக்கையால் எழுதிய ஆய்வுக் குறிப்புகளை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

மறுவருடம் பற்களுள்ளதைக் கட்டினேன். முதல்நாளே பற்கள் பனிவெடிப்பிற் கொளுவ, முகங்குப்புற வீழ்ந்தேன். எனினும் மாசி முடியுமுன் டோஸ் ஏரிவரை சென்று மீண்டேன்.